டிராயிங் மாஸ்டர் வாங்கிய புல் மிஷின்

ஒரு மனிதன் தீர்மானம் செய்வதற்கும் இடம், பொருள், ஏவல் பார்க்கவேண்டும். டிராயிங் மாஸ்டர் சூசைமாணிக்கம் எதையும் பார்க்கவில்லை. பெண்டாட்டி பக்கத்தில் நிற்கும்போதே வாய்விட்டுத் தீர்மானம் செய்துவிட்டார்.

"இந்த வருஷம் மலர்க்காட்சியில புல்தரைக் கோப்பை நம்ம வீட்டுக்குத்தான்!"

கொடைக்கானலில் மே மாதம் வந்துவிட்டால் மனிதர்களைவிடப் பூக்களுக்குத்தான் மரியாதை அதிகம். மலர்க்காட்சிக்கு முந்தின சனிக்கிழமை நடுவர்கள் வீடு வீடாக வந்து தோட்டங்களுக்கு மார்க் போடுவார்கள். ரோஜாவுக்கு ஒரு கோப்பை, டேலியாவுக்கு ஒரு கோப்பை, புல்தரைக்கு ஒரு கோப்பை. மாஸ்டர் ரோஜா நட்டால் முள் மட்டும் செழிக்கும். டேலியா அவரைக் கண்டாலே தலையைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். புல் ஒன்றுதான் அவர் தயவில்லாமலே வளர்ந்தது. ஆகவே புல்லைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் புல்லை இத்தனை நாளும் அறுத்துவந்தவள் பக்கத்துச் சரிவில் குடியிருந்த முருகம்மாள். பன்னரிவாளோடு வந்து குந்துவாள். அறுத்த புல்லைக் கட்டாகக் கட்டித் தன் செவலைப் பசுவுக்குக் கொண்டுபோவாள். அதற்குப் பதிலாக மாஸ்டர் வீட்டுக்குத் தினமும் பால் வரும். இந்த ஏற்பாட்டைச் செய்தது மாஸ்டரின் மனைவி இசபெல்லா. புல்லுக்கும் சந்தோஷம், பசுவுக்கும் சந்தோஷம், காபிக்கும் சந்தோஷம். மாஸ்டருக்கு மட்டும் அரிவாள் பிடிக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் வீட்டுப் புல்தரையெல்லாம் மிஷினில் வெட்டியது. தன் வீட்டுப் புல்தரை மட்டும் மாட்டுக்கு அறுத்ததா? ஓவியம் தெரிந்த மனிதருக்கு இது பொறுக்குமா?

அந்தச் சமயம் துரைமார்கள் ஒவ்வொருவராகச் சீமைக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கு மேலே இருந்த ஒரு பங்களாவில் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மாஸ்டரும் இசபெல்லாவும் போனார்கள். போனது தையல் மிஷின் வாங்க. துரைசாணி இசபெல்லாவை அடுப்படிக்கு அழைத்துப்போய் டீ கொடுத்தாள். முப்பது வருஷம் மலையில் இருந்தவள். தமிழ் தண்ணீராக வரும். இரண்டு பேரும் உள்ளே ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் வெளியே துரை ஒரு பெட்ரோல் புல் மிஷினை இழுத்துவந்து, சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். மிஷின் சிங்கம் மாதிரி உறுமியது. மாஸ்டர் சொக்கிப்போனார். அது எப்போது நின்றது, எப்படி நின்றது, யார் நிறுத்தினார்கள் என்பதையெல்லாம் அவர் கவனிக்கவில்லை. ஆனை வாங்கினவன் அங்குசத்தைக் கேட்காமல் வந்த கதைதான்.

மிஷினோடு ஒரு தகர டப்பாவும் வந்தது. உள்ளே ஒரு ஸ்பானரும், எஞ்சினில் நெருப்புப்பொறி தட்டுகிற பிளக் பழையது ஒன்றும். "அந்த பிளக் செத்துப்போச்சு, சும்மா கிடக்கட்டும்" என்று துரை சொல்லியிருந்தார்.

"தையல் மிஷின் எங்கங்க?" என்றாள் இசபெல்லா, புல் மிஷின் வீட்டு வாசலில் வந்து இறங்கியதும்.

"அதுவும் மிஷின், இதுவும் மிஷின்."

"இதுல ஜாக்கெட் தைக்க முடியுமா?"

"நீ கோப்பையைப் பாக்கத்தான் போற."

"பால் ஊத்துற கோப்பையைச் சொல்றீங்களா? முருகம்மாளை என்ன பண்ணப் போறீங்க?"

"இனிமே வரவேணாம்னு சொல்லிட்டேன். அரிவாளும் மிஷினும் ஒரே தரையில ஓடக்கூடாது."

இசபெல்லா சண்டைபோடவில்லை. அதிலேயே மாஸ்டர் சுதாரித்திருக்கவேண்டும். சண்டைபோடும் மனைவியிடம் தப்பித்துவிடலாம். "சரிங்க" என்று சொல்லும் மனைவியிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

முருகம்மாள் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐயா, இந்த மிஷினு புல்லு வெட்டுமா?"

"வெட்டுமாவா? பாரு! வர்ற சனிக்கிழமை நடுவருங்க வர்றதுக்குள்ள இந்தப் புல்லு பூராத்தையும் இந்த மிஷினாலேயே வெட்டிக் காட்டுறேன்."

"வெட்டலைன்னா?" என்றாள் இசபெல்லா மெதுவாக.

"வெட்டலைன்னா, இந்த ஜென்மத்துல புல்லைப் பத்தி வாயே தெறக்கமாட்டேன். நீ வெச்சதுதான் சட்டம். போதுமா?"

"மாதா வணக்க மாசம். மாதா மேல ஆணையா?"

"ஆணையா!"

"முருகம்மா, நீயும் கேட்டுக்கிட்டேல்ல?"

"நல்லாக் கேட்டுச்சும்மா" என்றாள் முருகம்மாள். மறுநாளிலிருந்து அவளுடைய பால் ஏரிக்கரை ஓட்டலுக்குப் போயிற்று. மாஸ்டருக்குக் கறுப்புக் காபி வந்தது.

திங்கட்கிழமை காலையில் மிஷின் ஓடத்தான் செய்தது. அதை மறைத்துவைக்கக் கூடாது. கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தார். மிஷின் உறுமிக்கொண்டு தானே நகர்ந்தது. கைப்பிடியைப் பிடித்த மாஸ்டர் பின்னால் ஓடினார். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு யார் யாரை ஓட்டுகிறார்கள் என்பது தெளிவாகத் தெரியவில்லை. வேலி ஓரமாக ஒரு பாய் அகலத்துக்குப் புல் வெட்டுப்பட்டு, முன்னால் இருந்த பெட்டியில் போய் விழுந்தது. மாஸ்டர் கண்ணில் தண்ணீர் தளும்பியது. அந்த நேரம் பார்த்துப் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தது. மிஷின் இரண்டு தடவை இருமியது. படுத்துவிட்டது.

அதற்குப் பிறகு மாஸ்டர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அந்த மிஷினைச் செய்தவன் எவனோ, அவனுக்கு மனிதர்கள்மேல் தீராத கோபம் இருந்திருக்கவேண்டும். பெட்ரோல் குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும் என்று ஒரு கோடுகூடக் கிடையாது. எண்ணெய் ஊற்றும் மூடியைப் புகைக்குழாய்க்கு அடியில் வைத்திருந்தான். எண்ணெய் ஊற்றப் போனால் முழங்கை வெந்தது. இழுக்கிற கயிறு மிஷினோடு ஒட்டியிருக்காது. ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சுற்றவேண்டும். வேகமாக இழுத்தால் கழன்று வந்து காதில் சுளீரென்று அறையும். மெதுவாக இழுத்தால் மிஷின் அசையாது. மொத்தத்தில் அறைபட்டால்தான் ஓடும் என்று ஏற்பாடு. மாஸ்டர் அறைபட்டார். மிஷின் ஓடவில்லை.

ஆனால் மாஸ்டர் லேசில் விடுகிற ஆள் இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற வம்சம். மலையில் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய லீவு மே மாதம் இல்லை, குளிர்காலத்தில்தான். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பஜாருக்குப் போய், பெட்ரோலும் பெட்ரோமாக்ஸ் மேண்டிலும் விற்கிற முகைதீன் பாயிடம் முறையிட்டார்.

"பாய், காலையில நல்லா ஓடிச்சு. மேகம் வந்துச்சு, நின்னுபோச்சு."

"மேகம் வந்தா நிக்கத்தான் செய்யும் மாஸ்டர். பிளக்குல ஈரம் கோத்துக்கிரும். பெருமாள்மலையில லாரிக்காரங்க என்ன பண்றாங்க? சாயங்காலம் பிளக்கைக் கழட்டி டீக்கடை அடுப்போரம் வெச்சிர்றாங்க. காலையில சூடா எடுத்து மாட்டுறாங்க. நம்ம ஊர்ல எல்லா எஞ்சினுக்கும் அதான் வைத்தியம்."

"அடுப்போரமா?"

"ஆமா. வீட்டுல குடுத்துருங்க. அவங்க பாத்துக்குவாங்க."

பாய் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

மாஸ்டர் வீட்டுக்கு வந்து பிளக்கைக் கழற்றினார். வெள்ளைப் பீங்கானைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் போட்டிருந்தது. கர்ச்சீப்பில் பொதிந்து அடுப்படிக்குக் கொண்டுபோனார்.

"இசபெல்லா, இதை அடுப்போரம் வெச்சுக் காய வைக்கணும்."

"குடுங்க. வாழைக்காய் வத்தல் மாதிரி காய வெச்சுத் தாரேன்."

மாஸ்டருக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று. தையல் மிஷின் போன வருத்தம்கூட இல்லாமல் எவ்வளவு ஒத்தாசை! மறுநாள் வெள்ளனே எழுந்தபோது பிளக் ஒரு தட்டில் தயாராக இருந்தது. தொட்டால் சுட்டது. பளபளவென்று வேறு இருந்தது.

"ஏ, சிவப்பு வளையம் எங்க?"

"கரியா கெடந்துச்சுன்னு புளி போட்டுத் தேச்சேன். போயிருச்சு போல."

ஆப்பிள் எது, பம்பளிமாஸ் எது என்று நிழல் போட்டே காட்டத் தெரிந்த மாஸ்டர், அதை நம்பினார். பிளக்கை மாட்டினார். கயிற்றைச் சுற்றினார். இழுத்தார். பள்ளிக்கூட மணி அடிக்கிறவரை இழுத்தார். மிஷின் ஏப்பம்கூட விடவில்லை.

சாயங்காலம் மறுபடி பிளக் அடுப்படிக்குப் போயிற்று. காலையில் மறுபடி சூடாக வந்தது. மறுபடி கயிறு, மறுபடி காது. புதன்கிழமை பெட்ரோலை மாற்றினார். வியாழக்கிழமை மிஷினைக் கம்பளி போட்டுப் போர்த்தினார். பள்ளிக்கூடத்தில் வலது கையைத் தூக்கிக் கரும்பலகையில் ஒரு வட்டம் போட முடியவில்லை. பிள்ளைகளுக்கு அந்த வாரம் முழுக்கப் படுத்த கோடுகள்தான் பாடம். புல்லோ கணுக்காலைத் தாண்டி வளர்ந்துகொண்டிருந்தது. வேலி ஓரமாக முருகம்மாள் வந்து நின்று பார்ப்பாள்.

"ஐயா, இன்னும் எந்திரிக்கலீங்களா?"

"நான் வெள்ளனேயே எந்திரிச்சிட்டேன்."

"உங்களக் கேக்கலீங்க. மிஷினக் கேட்டேன்."

"உனக்கு வேற சோலி இல்லையா?"

"இருந்துச்சுங்க. நீங்கதான் வேணாம்னுட்டீங்க" என்பாள் முருகம்மாள். அந்தப் பேச்சில் கோபம் இருக்காது. பசு மட்டும் பின்னாலிருந்து ஒரு குரல் கொடுக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இசபெல்லா மாதா கோயிலுக்கு ஜெபமாலைக்குப் போயிருந்தாள். மாஸ்டர் தானே ஒரு கறுப்புக் காபி போட்டுக்கொண்டார். வாயில் வைக்க முடியவில்லை. இரண்டு ஏலக்காய் தட்டிப்போடலாம் என்று அஞ்சறைப் பெட்டியைத் திறந்தார். கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு. கிராம்பு இருந்த அறையில் கிராம்புக்கு நடுவே, மெத்தையில் படுத்த மைனர் மாதிரி ஒரு பிளக் கிடந்தது. பீங்கானைச் சுற்றிச் சிவப்பு வளையம்.

மாஸ்டருக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. திங்கட்கிழமை ராத்திரியே நல்ல பிளக்கை ஒளித்துவிட்டு, தகர டப்பாவில் கிடந்த செத்த பிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து, தினமும் சுடச்சுடக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்! நாலு நாளாகப் பிணத்துக்கு ஒத்தடம் கொடுத்திருக்கிறார்!

முதலில் கோபம் வந்தது. பிறகு மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. எத்தனுக்கு எத்தன் இருக்கிறான் என்று இவளுக்குக் காட்டவேண்டும். கேட்டுச் சண்டைபோட்டால் அழுவாள், தையல் மிஷினை இழுப்பாள். பேசாமல் நல்ல பிளக்கை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். மிஷினிலிருந்து செத்த பிளக்கைக் கழற்றிவந்து, துடைத்து, கிராம்புக்குள் அதே இடத்தில் படுக்கவைத்தார். கை முழுக்கக் கிராம்பு மணத்தது. வெற்றியின் வாசனை இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இசபெல்லா வந்தாள். சோறு போட்டாள். மாஸ்டர் நொறுக் நொறுக்கென்று முறுக்கைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டார்.

"என்னங்க, கிராம்பு வாசம் வருது?"

"பல்வலி. ஒரு கிராம்பு வெச்சேன்."

"அப்படியா? பிளக்கைக் குடுக்கலையே இன்னைக்கு?"

"இனிமே வேணாம். மனசு விட்டுப்போச்சு இசபெல்லா. நீ ஜெயிச்சே. காலையில சும்மா ஒரு தடவை இழுத்துப் பாக்குறேன், அவ்வளவுதான்."

இதைச் சொல்லும்போது முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டார். தனக்கு நடிப்பும் வரும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

"பாவம், வெரசாப் படுங்க. கோழிக்கூட்டைச் சாத்திட்டு வந்துர்றேன்" என்று இசபெல்லா அரிக்கன் விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கோழிக்கூடு வீட்டுக்குப் பின்னால் இருந்தது. விளக்கு வேலிப்பக்கம் போயிற்று. மாஸ்டர் அதைப் பார்க்கவில்லை. அவர் பிளக்கைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கோப்பையை அலமாரியில் எந்தத் தட்டில் வைப்பது என்று யோசித்தபடி தூங்கிவிட்டார்.

சனிக்கிழமை காலை ஊரே பனிமூட்டத்தில் முழுகிக் கிடந்தது. கையை நீட்டினால் விரல் தெரியாது. கொஞ்சம் வெளுக்கட்டும் என்று மாஸ்டர் காத்திருந்தார். வெளுக்கிற வழியாக இல்லை. நடுவர்கள் வந்துவிடுவார்கள். பனியாவது மண்ணாவது! கொட்டகையில் வைத்தே சிவப்பு வளைய பிளக்கை மாட்டினார். கயிற்றைச் சுற்றினார். மனசுக்குள் ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு இழுத்தார்.

மிஷின் உறுமியது!

மாஸ்டர் கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே கேட்கவில்லை. அவ்வளவு சத்தம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் பாய்ந்தார். வேலியோரமாக ஒரு நடை, திரும்பி ஒரு நடை. குனிந்து பார்த்தால் காலடியில் புல் வெல்வெட் மாதிரி இருந்தது. ஆகா, என்ன வெட்டு! என்ன மிஷின்! பெட்ரோல் குழாயில் கோடு போடாமல் விட்டவனைக்கூட அந்த நிமிஷத்தில் மன்னித்தார். இசபெல்லா அடுப்படி ஜன்னலில் நின்று பார்ப்பாள் என்று நினைத்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். பனியில் மார்பு தெரியாது என்பது தோன்றவில்லை.

புல்தரை முழுக்க நடந்து முடித்தார். இந்நேரம் பெட்டி நிறைந்து வழியவேண்டுமே என்று ஓடுகிற மிஷினோடு ஓடியபடியே எட்டிப் பார்த்தார்.

பெட்டியில் ஒரு புல்கூட இல்லை.

அப்போதுதான் பனி விலகியது. ஒரேயடியாக விலகியது. வேலிக்கு அந்தப்பக்கம் முருகம்மாள் நின்றிருந்தாள். பக்கத்தில் அவள் நாத்தனார் அன்னக்கொடியும் மருமகளும். மூன்று பேர் கையிலும் பன்னரிவாள். மூன்று பேர் காலடியிலும் மலைமலையாகப் புல்லுக்கட்டு. செவலைப் பசு ஒரு கட்டில் வாயை வைத்து மும்முரமாக இருந்தது. அரிவாளைக் கிளப்பக் கயிறு வேண்டியதில்லை. சத்தமும் போடாது. விடிவதற்கு முன்னாலேயே முடித்துவிட்டார்கள்.

வெட்டின புல்லை மறுபடி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார் மாஸ்டர்!

இனி என்ன செய்வது? முதலில் இந்தச் சனியனை நிறுத்தவேண்டும். அங்கேதான் மாஸ்டருக்குத் திக்கென்றது. வாரம் முழுக்கக் கிளப்புவதையே யோசித்தவர், நிறுத்துவது எப்படி என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. பெட்ரோல் குழாயைத் திருப்பினார், வேகம் கூடியது. ஒரு கம்பியைப் பிடித்து இழுத்தார், கையோடு வந்துவிட்டது. மிஷின் இசபெல்லாவின் ரோஜாப் பாத்தியைப் பார்த்துப் போயிற்று. மாஸ்டர் மல்லுக்கட்டித் திருப்பினார். மறுபடி ரோஜாவைப் பார்த்தே போயிற்று. வட்டம் வட்டமாக ஓடினார். ஒரு வாரமாகக் கரும்பலகையில் வராத வட்டம் புல்தரையில் அழகாக வந்தது.

அதே நேரம் கேட்டைத் திறந்துகொண்டு நடுவர்கள் வந்தார்கள். மதுரையிலிருந்து ஒரு டாக்டரம்மாவும், கூட இரண்டு பெரிய மனிதர்களும். மாஸ்டர் அவர்களுக்கு ஒரு சுற்றுக்கு ஒரு தடவை வணக்கம் சொன்னார்.

இசபெல்லா அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் மர அகப்பை. மிஷினோடு ரெண்டு எட்டு கூடவே நடந்து, பிளக்குக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னத் தகட்டை அகப்பைக் காம்பால் அழுத்தினாள். மிஷின் பட்டென்று நின்றது.

"உனக்கு... உனக்கு எப்படித் தெரியும்?" மாஸ்டருக்கு மூச்சு இரைத்தது.

"தொரைக்கும் கெளப்பத்தான் தெரியுமாம். நிப்பாட்டுறது எப்பவும் தொரசாணிதானாம். டீ குடிக்கையில சொல்லிக் குடுத்தாங்க" என்று அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். "பிளக்கு சமாச்சாரமும் அவங்க சொன்னதுதான்."

"நான் எடுத்தது எப்படி...?"

"பல்வலிக்காரர் முறுக்குக் கடிப்பாரா? பெட்டியைத் தெறந்து பாத்தேன், சிவப்பு வளையத்தைக் காணோம். விளக்கை எடுத்துக்கிட்டு முருகம்மாகிட்டப் போனேன். நீங்க மட்டும் கிராம்புல கைவைக்காம இருந்திருந்தா, பாவம், புல்லை இன்னைக்கு அறுக்காமலே விட்டிருப்பேன். சரி, வாயை மூடுங்க. அவங்க வர்றாங்க."

டாக்டரம்மா குனிந்து புல்லை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "சீப்பு போட்டு வாரின மாதிரி இருக்கே! ஒரு எண்ணெய்த் திட்டு இல்லை, ஒரு சக்கரத் தடம்கூட ஆழமாப் பதியலை. மாஸ்டர், எப்படி வெட்டினீங்க இதை? நீங்களே சொல்லணும்."

மாஸ்டர் வாயைத் திறந்தார். எத்தனை நாளாகக் காத்திருந்த கேள்வி! கண்ணாடி முன்னால் நின்று பதில்கூடச் சொல்லிப் பார்த்திருந்தார். வேலியோரம் முருகம்மாள் லேசாக இருமினாள். இசபெல்லா கழுத்தில் கிடந்த மாதா சுரூபப் பதக்கத்தைத் தொட்டுக்கொண்டாள். திறந்த வாயை மாஸ்டர் மூடிக்கொண்டார். ஜென்மத்துக்கும் ஆணை.

"அவர் புல்லைப் பத்திப் பேசமாட்டாருங்க. ஒரு நேர்த்திக்கடன்" என்றாள் இசபெல்லா. "வெட்டினது நம்ம முருகம்மாள்தான். பன்னரிவாளால. ஏ முருகம்மா, உள்ள வா. அன்னக்கொடி, நீயும் வா. வெக்கப்படாதீங்க."

நடுவர்களுக்கு ஒரே ஆச்சரியம். அரிவாளிலா! இவ்வளவு நேர்த்தியாகவா! கோப்பைக்கு வேறு வீடு பார்க்கவேண்டியதில்லை என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னது மாஸ்டர் காதிலும் விழுந்தது. முருகம்மாள் கொண்டுவந்த புதுப்பாலில் போட்ட காபி எல்லோருக்கும் வந்தது. மாஸ்டருக்கும் ஒரு டம்ளர் வந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு குடிக்கிற பால் காபி. அவமானத்தைக்கூட மறக்கவைக்கிற ருசி. அவர் கைப்பிடியை விடாமல் மிஷினோடு சாய்ந்து நின்றபடியே குடித்தார்.

டாக்டரம்மா போகிறபோதுதான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அரிவாளாலேயே இவ்வளவு அழகா வெட்டுறீங்க. அப்புறம் அந்த மிஷின் எதுக்கும்மா?"

"அதுங்களா?" என்றாள் இசபெல்லா. "அது புல்லுக்கு இல்லீங்க. இவரு புல்லுல கைவைக்காம இருக்கணுமில்ல, அதுக்கு."